கேஸ் மாத்திரையும் ஊர் மாத்திரையும்

முதலில் நான் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்து ஹோட்டல்களில் சாப்பிட உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். முதல் நாள் அதை யாரோ கை கழுவிய தண்ணீர் என்று நினைத்து மேஜை ஓரத்துக்கு நகர்த்தினேன். சப்ளையர் அதை என் பக்கம் நகர்த்தினார். நான் மறுபடியும் ஓரத்துக்கு நகர்த்தினேன். "வெள்ளமாணு சேட்டா, குடிக்கான்", அதாவது குடிக்கிற தண்ணீர்தான் என்று அவர் குடித்துக் காட்டாத குறையாகச் சொன்ன பிறகு, மரியாதைக்கு ஒரு வாய் குடித்தேன். அன்று சாயங்காலமே வயிற்றில் காற்று. அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு உடம்பில் எது வந்தாலும் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்ற கர்வம் எங்களுக்கு மூக்கு வரைக்கும் உண்டு. ஆகவே, இந்தச் சிவப்புத் தண்ணீர்தான் என் வயிற்றுக்குள் போய்க் காற்றாக மாறுகிறது என்று ஒன்றரை வருடம் உண்மையாகவே நம்பினேன். அந்த ஒன்றரை வருடமும் வீட்டிலிருந்து பாட்டில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். காற்றும் கூடவே வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஐம்பத்தோரு வயது. லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன்பு கம்பெனி என்னை இங்கே மாற்றியது. வலியசாலையில் ஒரு மாடி வீட்டில் நானும் என் மனைவி செல்வியும் குடியிருக்கிறோம்; மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். தெருவில் தமிழ் கேட்கும் என்று சொல்லித்தான் இந்த வீட்டைப் பிடித்தோம். கேட்கத்தான் செய்கிறது, ஆனால் அது வேறு தமிழ். நான் பேசுவதைக் கேட்டு அவர்கள் ஒரு நொடி யோசிப்பார்கள், அவர்கள் பேசுவதைக் கேட்டு நான் இரண்டு நொடி யோசிப்பேன். ஊரில் இருந்தவரைக்கும் செல்வியின் பி.எட். சான்றிதழ் பதினாறு வருடம் பீரோவில் கிடந்தது. இங்கே வந்த ஆறாவது மாதத்தில் சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. அவள் தினமும் காலையில் புடவைக்கு மடிப்பு எடுக்கிற வேகத்தைப் பார்த்தால், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது அவள்தான், நான் கூட வந்தவன் என்று தோன்றும்.

வயிற்றில் காற்று என்பது எல்லோருக்கும் உள்ள உபாதை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தொழில் பிரச்சினை. ஆறுக்கு ஐந்து அடி பெட்டி, உள்ளே ஒரு குட்டி விசிறி, கூட நாலு பேர். ஒருநாள் சாஸ்தமங்கலம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்டைச் சோதித்துவிட்டுக் கீழே இறங்கினேன். என்னோடு இறங்கிய ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் ஆபீஸுக்குப் புகார் எழுதினார்: சர்வீஸ் செய்த பிறகு லிஃப்டில் ஏதோ கருகிய நாற்றம், மோட்டாரைப் பார்க்கவும். அந்தப் புகாரை விசாரிக்க என்னையேதான் அனுப்பினார்கள். மோட்டாரைத் திறந்தேன், மோந்தேன், மூடினேன். 'ஃபால்ட் நாட் ஃபவுண்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அறிக்கை அதுதான்.

என்னோடு வேலை பார்ப்பவர் பைஜு. பக்கத்து விதுராக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்பார். தமிழனாகப் பிறந்தவனெல்லாம் இங்கே அண்ணாச்சிதான். வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கொண்டுவருவார். அதைத் தின்றுவிட்டு நான் படும் பாட்டைப் பார்த்து, வேலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தினார். கடையில் ஷீஜா என்ற பெண். மூக்குக் கண்ணாடி, நாற்பது வயதிருக்கும், யார் எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் எடுத்துத் தரமாட்டார். நான் கையை வயிற்றில் வைத்து, பிறகு வட்டமாகச் சுற்றிக் காட்டினேன்.

"கேஸ் அல்லே? வேற மருந்து எந்தெங்கிலும் சாப்பிடுந்நுண்டோ?"

"இல்லை."

"பிரஷர், ஷுகர், தைராய்டு?"

"ஒண்ணும் இல்ல மேடம். இந்தக் காத்து ஒண்ணுதான்."

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். எனக்கு ஒன்பது வருடமாகத் தைராய்டு உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்பாசமுத்திரம் போய், அங்கே பழகிய டாக்டரிடம் கழுத்தைக் காட்டி, மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வருகிறேன். ஷீஜா கேட்டது என் காதில் சரியாகத்தான் விழுந்தது, புரியவும் செய்தது. நான் பொய் சொல்லவும் இல்லை. அந்த மாத்திரை என் கணக்கில் மருந்தே அல்ல. அது ஊர் விஷயம். அம்மா வீட்டு வடகம்போல, ஊரிலிருந்து வருகிறது, நான் தின்கிறேன். கேரளத்துக் கடையில் நின்று கேரளத்துப் பெண் கேட்கும்போது, கேரளத்தில் வாங்கியதை மட்டும் நினைத்துப் பார்த்து, இல்லை என்றேன். வெளியூரில் பிழைக்கிற நம்மில் பலர் இப்படித்தான். பெரிய நோய்க்கு ஊர் டாக்டர், சில்லறை நோய்க்கு இந்த ஊர்க் கடை. அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது. நடுவில் ஒரு வயிறு இருப்பது யாருக்கும் நினைவில்லை.

ஷீஜா ஒரு கறுப்பு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். செரிமானத்துக்கு உதவும் என்சைம், கூடவே காற்றைப் பிடிக்கக் கொஞ்சம் கரி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

மூன்றாம் நாள் காலை கழிப்பறையில் குனிந்து பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. ஊரில் எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படிக் கறுப்பாகப் போய், குடலில் ரத்தம் கசிகிறது என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்துத் தேடினேன். போன், முதல் வரியிலேயே எனக்கு உள்ரத்தப்போக்கு என்றது. இரண்டாவது வரியைப் படிக்க எனக்கு மனமில்லை. வெளியே வந்து செல்வியிடம் கறுப்பு விஷயத்தைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னேன். இன்சூரன்ஸ் பேப்பர் எந்த டிராயரில் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் பதிவு எந்த நம்பரில், மகன் என்ன படிக்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் போறியளா?"

"போகலாம்."

"போறதுக்கு முந்தி அந்தக் குப்பையக் கொண்டு போட்டுட்டுப் போங்க."

குப்பையைப் போட்டுவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஷீஜா கடை திறக்கும்வரை ஷட்டருக்கு முன்னால் நின்றேன். நடந்ததை எந்த மொழியில் கௌரவமாகச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரைக் கண்டதும் ஒத்திகை எல்லாம் பறந்து, "மேடம், பிளாக்" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதில் கரி உண்டு சேட்டா. கரி தின்னால் பின்னே வெளுத்தா போகும்?" கடையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டு, சிரிக்காததுபோல் துடைப்பத்தைத் தட்டினார். நான் இறக்கவில்லை என்ற செய்தி தெருவுக்கே தெரிந்தது. ஷீஜா கூடவே இன்னொன்றும் சொன்னார். வேறு மருந்து ஏதாவது எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரமாவது தள்ளித்தான் இதைச் சாப்பிட வேண்டும், கரி அதையும் பிடித்துக்கொள்ளும் என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். நமக்குத்தான் வேறு மருந்தே கிடையாதே.

பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்த மாத்திரைமேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது. சாப்பிட்ட பிறகு என்று அட்டையில் இருந்ததை விட்டுவிட்டு, காலையிலேயே எடுக்க ஆரம்பித்தேன். இதில் என் தொழில் புத்தி புகுந்தது. லிஃப்டை ஒருமுறை நிறுத்தினால் எல்லா வேலையையும் அந்த ஒரே நிறுத்தத்தில் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கிரீஸ், பிரேக், கதவு, கயிறு எல்லாம் ஒரே மூச்சில். இரண்டாவது தடவை நிறுத்தினால் குடியிருப்பவர்கள் படியில் நின்று திட்டுவார்கள். இருபத்தெட்டு வருடமாக அப்படிப் பழகியவன், வாயையும் ஒரே ஷட்டவுனில் முடித்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். காலை ஐந்தரை மணி: ஊர் மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, ஒரே வாய்த் தண்ணீர், பின்னாலேயே காப்பி. சுத்தமான வேலை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. வயிற்றுக் காற்று குறையவில்லை, கூடியது. மலச்சிக்கல் வந்தது. கேஸ் மாத்திரையை இரண்டாக்கினேன். இன்னும் கூடியது. இந்த வேர்த்து ஊற்றுகிற ஊரில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. கடல் காற்று என்று சொல்லி விசிறியை அணைத்தேன், செல்வி போட்டாள், நான் அணைத்தேன். எடை ஏறியது, இந்த ஊர்ச் சிவப்பு மட்டை அரிசி என்றேன். குரல் கட்டியது, ஈரப்பதம் என்றேன். நின்றுகொண்டே தூக்கம் வந்தது. இங்கே எல்லாரும் மெதுவாகத்தான் இருக்கிறார்கள், ஒட்டிக்கொண்டது என்றேன். உடம்பில் நடந்த ஒவ்வொன்றுக்கும் கேரளத்தின் பெயரில் ஒரு குற்றப்பத்திரிகை எழுதினேன். கடைசியில் அதைக் கம்பெனிக்கும் எழுதினேன்: இந்த ஊர்ச் சாப்பாடும் தண்ணீரும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திருநெல்வேலிக்கே திருப்பி அனுப்பவும்.

செல்வி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காத்து வருதுன்னு ஊரையா மாத்துதீய? அந்தக் காத்து அங்க வராதா?"

"அங்க தண்ணி நல்ல தண்ணி."

"அங்க எனக்கு வேல யார் தருவா, உங்க தண்ணியா?"

அவள் மறுபடி பேனாவைத் திறந்து, ஒரு தாளில் மார்க் போட்டு, அடுத்ததை எடுத்தாள். "நீங்க போங்க. நான் வெள்ளிக்கிழம சாயங்காலம் வந்துட்டு ஞாயித்துக்கிழம திரும்பிருதேன்" என்றாள். சத்தம்கூட உயரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், என்னை ஒரு பஸ் அட்டவணைக்குள் வைத்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

அதே வாரத்தில் பட்டம் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுதான் கயிற்றைப் பார்க்கவேண்டும். ஏறியதும் முதல் காரியம், கூரையில் உள்ள ஸ்டாப் சுவிட்சை அழுத்துவது. வெளியே நிற்பவர் "ஸ்டாப்?" என்று கேட்பார், உள்ளே இருப்பவன் அழுத்திவிட்டு "ஸ்டாப்" என்று பதில் சொல்வான். பிறகுதான் மாடிக் கதவை மூடுவது. பைஜு கேட்டார். நான் "ஸ்டாப்" என்றேன். அழுத்தவில்லை. அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். கதவு மூடிய மறுநொடி மேல் மாடியில் யாரோ பட்டனைத் தட்ட, என்னையும் தூக்கிக்கொண்டு லிஃப்ட் கிளம்பியது. கதவை வெளியிலிருந்து திறக்கும் பைஜுவின் சாவி இன்னும் அதிலேயே இருந்தது. அவர் அதைத் திருகிக் கதவை இழுத்தார். கதவு திறந்தால் மின்சாரம் துண்டாகிவிடும். ஒரு முழம் ஏறி நின்றது. தலைக்கு மேலே இன்னும் நிறைய இடம் இருந்தது, அது வேறு விஷயம்.

பைஜு கையை நீட்டி என்னை இறக்கினார். பயந்தவர் போலவும் இல்லை, கோபப்பட்டவர் போலவும் இல்லை.

"அண்ணாச்சி, இனி ஷாஃப்டில் கயறண்டா." லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இனி ஏறவேண்டாம் என்கிறார்.

"ஒரு நிமிஷம் மறந்துட்டேன் பைஜு. கேஸ் தலைக்கு ஏறிட்டு."

"கேஸ் அல்ல. ரண்டு மாசமாயிட்டு நான் பாக்குந்நுண்டு. முகத்தில் நீரு. சவுண்டு மாறி. இது அண்ணாச்சியா, அண்ணாச்சியோட அச்சனா?"

என்னை என் அப்பா ஆக்கிவிட்டதற்குச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து செல்வியிடம், மலையாளத்தில் பாதி, தமிழில் பாதியாக, மருந்துக்கடையில் நான் சொன்னது முதல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். செல்வி வீட்டில் இருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டாள். மறுநாள் பள்ளிக்கு லீவு சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். கவரைக் கவிழ்த்தார். வெள்ளை அட்டை ஒன்று, கறுப்பு அட்டைகள் நாலு. வெள்ளையைத் தூக்கிக் காட்டி, வேறு மருந்து இல்லை என்று கடையில் சொன்னீர்களாமே என்றார். அதைச் செல்வி முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"அது மருந்து இல்ல டாக்டர், ஊர்ல வாங்குறது."

"பின்னே இதெந்தா, மிட்டாயோ?"

இரண்டையும் எப்போது எடுக்கிறேன் என்று கேட்டார். ஒரே ஷட்டவுன் கொள்கையைக் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு சொன்னதை என் தமிழில் தருகிறேன். கரிக்கு ஆள் தெரியாது. வயிற்றில் எதிர்ப்படுகிற மருந்தைப் பிடித்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போய்விடும். தைராய்டு மாத்திரை ரத்தத்தில் சேரும் முன்பே அதைக் கரி பிடித்திருக்கலாம். உடனே குடித்த காப்பியும் தன் பங்கைச் செய்திருக்கலாம். தைராய்டு குறைந்தால் உடம்பே மந்தமாகும், குடலும் மந்தமாகும். குடல் மந்தமானால் மலச்சிக்கல், வயிற்றுப்பொருமல். அதற்கு நான் இன்னொரு கரி மாத்திரை. அதாவது, வயிற்றுக் காற்றை நானே பயிர்செய்து, நானே மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.

என்சைமால் ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். இவ்வளவு பயந்ததற்கு அதன்மேலும் ஒரு குற்றம் இருக்கட்டும் என்ற ஆசை. அவர் வரிசையாகக் கேட்டார்: பப்பாளி தின்றால் அரிக்குமா, ரப்பர் கையுறை போட்டால் தடிக்குமா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, சர்க்கரைக்கு மருந்து உண்டா, கணையத்தில் கோளாறு வந்ததுண்டா? சில என்சைம்கள் பப்பாளியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுப்பவை, இவர்களுக்கெல்லாம் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் உங்களுக்கு என்சைம் ஒன்றும் செய்திருக்காது, அதிகம் போனால் கொஞ்சம் குமட்டல் என்றார். கறுப்பாகப் போனதையும் சொன்னேன். கரியோ இரும்புச்சத்து மாத்திரையோ தின்றால் அப்படித்தான். ஆனால் அவை எதுவும் தின்னாமல் கறுத்தாலோ, தார்போல் ஒட்டி நாறினாலோ, தலை சுற்றினாலோ, மருந்துக்கடை வாசலில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார். இதை இங்கே எழுதுவது, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு யாரும் அசட்டையாக இருந்துவிடக்கூடாது என்பதற்காக.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு கண்டபடி குறைந்திருந்தது. ஊர் டாக்டர் எழுதிய அளவை டாக்டரம்மா மாற்றவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்துங்கள், காலையில் ஊர் மாத்திரை மட்டும், காப்பி ஒரு மணி நேரம் கழித்து, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அப்போதும் சரியாகாவிட்டால்தான் அளவைக் கூட்டுவது என்றார். அம்பாசமுத்திரத்து டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். ஒன்பது வருடத்தில் என் கழுத்தும் வயிறும் ஒரே தாளில் எழுதப்பட்டது அன்றுதான். ஆறு வாரமும் பைஜு என்னை ஷாஃப்டில் ஏறவிடவில்லை. கதவுக்கு வெளியே நின்று "ஸ்டாப்?" என்று கேட்பது மட்டும் என் வேலை.

நாலாவது வாரம் திருநெல்வேலி ஆபீஸிலிருந்து போன் வந்தது. இடம் காலியாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் வருகிறீரா இல்லையா சொல்லும். இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அடுத்த வருடத்துப் பாடத் திட்டத்தை எழுதச் செல்வி வாங்கிவந்த நோட்டு மேஜைமேல் பிரிக்காமலே கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். அதே மாத்திரை, அதே அளவு. தைராய்டு சரியாக இருந்தது. முகத்து நீர் வடிந்திருந்தது, மலச்சிக்கல் போயிருந்தது. லாப் வாசலில் நின்றே திருநெல்வேலி ஆபீஸுக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்று சொன்னேன். பிறகு செல்விக்குப் போன் செய்தேன். "சரி, கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் வந்ததும் நோட்டுக்கு அட்டை போட்டாள்.

இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்பாசமுத்திரம் போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வருகிறேன். வயிற்றை இங்கே காட்டுகிறேன். காற்று நின்றுவிடவில்லை, எல்லாருக்கும் வருகிற அளவுக்கு எனக்கும் வருகிறது. நடந்தது இவ்வளவுதான்: கேஸ் மாத்திரை தன் வேலையைச் செய்தது, ஊர் மாத்திரையை அதன் வேலையைச் செய்யவிடவில்லை, வேறு மருந்து உண்டா என்று ஒரு பெண் தெளிவாகக் கேட்டபோது நான் இல்லை என்று சொல்லியிருந்தேன்.